ஒரே மோட்டருக்கு மூன்று தடைகள் வருகின்றன: மின்னழுத்தம், ஓட்டம், வலு ஆகியவற்றிலிருந்து எதை நம்பிக் கணிப்பது?

களுதாவளைத் தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். களுதாவளையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்தில், வெற்றிலையும் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். என் மகள் தரம் 11 இல் படிக்கிறாள். அவள் ஓமின் விதியையும் மின்வலுவையும் படித்துக்கொண்டிருந்தபோது, புத்தகத்திலுள்ள கணக்குகளை வீட்டுச் சாமான்களில் செய்து பார்ப்போம் என்று இருவரும் அழுத்தம், ஓட்டம், தடை ஆகியவற்றை அளக்கும் ஒரு பல்மானியுடன் உட்கார்ந்தோம். இரண்டு நாள் கழித்து, சூத்திரங்களின் மீது அவளுக்கிருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது. அதைச் சரிசெய்ய என் படிப்புப் போதவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

முதலில் மின்கேத்தலை எடுத்தோம். அதன் அடியில் 220 முதல் 240 வோல்ற்று, 1850 முதல் 2200 வாற்று என்று எழுதியிருக்கிறது. 230 வோல்ற்றில் 2000 வாற்று என்று வைத்துக்கொண்டால் ஓட்டம் 8.7 அம்பியர், தடை 26.4 ஓம். பிளக்கைக் கழற்றி, கேத்தலின் ஆளியைப் போட்டபடி அதன் இரண்டு முனைகளிலும் பல்மானியை வைத்தபோது 26.5 ஓம் காட்டியது. மகளுக்கு அளவிலாத மகிழ்ச்சி.

அடுத்தது பழைய 60 வாற்று இழை மின்குமிழ். 230 இன் வர்க்கத்தை 60 ஆல் வகுத்தால் 882 ஓம் வர வேண்டும். பல்மானி காட்டியதோ 64 ஓம். குமிழ் பழுது என்று நினைத்துப் பொருத்திப் பார்த்தோம், நன்றாகவே எரிகிறது.

மூன்றாவதாகத் தோட்டக் கிணற்றின் நீரிறைக்கும் மோட்டர். இங்கேதான் முற்றாகக் குழம்பிவிட்டோம். அதன் தகட்டில் 1 குதிரைவலு, 0.75 கிலோவாற்று, 230 வோல்ற்று, 5.2 அம்பியர் என்று இருக்கிறது. இணைப்பைக் கழற்றிவிட்டு மோட்டரின் முனைகளிலேயே பல்மானியை வைத்தால் 3.2 ஓம். 230 ஐ 3.2 ஆல் வகுத்தால் 72 அம்பியர் வருகிறது. எங்கள் வீட்டு இணைப்பே 30 அம்பியர்தான். தகட்டிலுள்ள 5.2 அம்பியரை எடுத்தால் தடை 44 ஓம். தகட்டிலுள்ள 750 வாற்றை எடுத்தால் ஓட்டம் 3.26 அம்பியராகவும் தடை 70 ஓமாகவும் வருகின்றன. ஒரே மோட்டருக்கு மூன்று தடைகள் எப்படி இருக்க முடியும்?

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டிலிருந்து கிணற்றுக்கு ஏறக்குறைய 80 மீற்றர் தூரம். 0.75 சதுர மில்லிமீற்றர் என்று உறையில் அச்சிட்ட இரட்டை வயரை இழுத்து மோட்டருக்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் மோட்டர் ஓடுகிறது. மாலை ஆறரைக்குப் பிறகு ஆளியைப் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பின்புற விசிறியை ஒரு குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்குகிறது. கச்சான் காற்று வீசும் இந்த நாட்களில் ஒரு மாலை நீர் தவறினாலும் நாற்று வாடிவிடும். மகளின் கணக்கும் என் மோட்டரின் குறையும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன என்று மனம் சொல்கிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் இருவருக்கும் உதவியாக இருக்கும்.


கல்லடி, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

தம்பி, உங்கள் மகள் எந்தக் கணக்கையும் பிழையாகச் செய்யவில்லை. மூன்று பொருட்களை அளந்து மூன்று விதமான விடைகளைப் பெற்றதே பெரிய பேறு என்பேன். நான் வகுப்பில் நின்ற காலம் முழுவதும், கேத்தலோடு நிறுத்திக்கொண்டு, எல்லாம் ஓமின் விதிக்கு அடங்குகிறது என்று எழுதிவைத்த மாணவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

தடை என்பது ஒரு பொருளின் இரு முனைகளுக்கிடையிலுள்ள அழுத்த வேறுபாட்டை, அந்த நேரத்தில் அதனூடாகப் பாயும் ஓட்டத்தால் வகுத்து வரும் எண். 'அந்த நேரத்தில்' என்ற சொல்லை அவள் கொப்பியில் அடிக்கோடிட்டுக் கொள்ளட்டும். ஓமின் விதி சொல்வது இதற்கு மேலான ஒன்று: ஓர் உலோகக் கடத்தியின் வெப்பநிலையும் பிற பௌதிக நிலைமைகளும் மாறாதிருக்கும்போது அந்த எண் மாறாது என்பதே விதி. 1827 இல் தம் நூலை வெளியிட்ட கியோர்க் சைமன் ஓம், அதற்கு முன்பு கொலோன் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்து பரிசோதனை செய்தபோது, அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாமல் அவரைப் படாதபாடு படுத்தியது. கடைசியில் செம்பும் பிசுமதும் இணைந்த வெப்பவிணையை எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான அழுத்தத்தைப் பெற்ற பின்னரே அவருக்கு நம்பத்தக்க அளவீடுகள் கிடைத்தன. நிலைமைகளை மாறாது வைத்திருப்பதற்காக அவர் பட்ட பாட்டை நாம் சூத்திரத்தை ஒப்புவிக்கும்போது மறந்துவிடுகிறோம்.

உங்கள் கேத்தலின் சூடாக்கும் கம்பி பெரும்பாலும் நிக்குரோம் என்ற கலப்புலோகம். அது குளிர்ந்திருந்தாலும் கொதித்தாலும் தடை சில வீதத்துக்கு மேல் மாறாது. தகட்டிலுள்ள இரண்டு சோடி எண்களையும் அவள் ஒருமுறை தனித்தனியாகக் கணித்துப் பார்க்கட்டும். 220 இன் வர்க்கத்தை 1850 ஆல் வகுத்தால் 26.2, 240 இன் வர்க்கத்தை 2200 ஆல் வகுத்தாலும் 26.2. ஆகவே அந்தத் தகடு வலுவுக்கு ஒரு வீச்சைச் சொன்னாலும் தடைக்கு ஒரே எண்ணைத்தான் சொல்கிறது. உங்கள் பல்மானியின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்து பாருங்கள். வயர்களின் தடையாக 0.3 ஓம் அளவில் ஏதேனும் காட்டும். 26.5 இலிருந்து அதைக் கழித்தால் எங்கே வந்து நிற்கிறது என்று அவளே பார்ப்பாள்.

தடை மாறாதபோது வலு அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். 230 வோல்ற்றில் அந்தக் கேத்தல் 2019 வாற்று எடுக்கும். அழுத்தம் 195 வோல்ற்றுக்கு இறங்கும் ஒரு மாலையில் 1451 வாற்றுதான் எடுக்கும். அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வலு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஒன்றரை லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 441000 யூல் வேண்டும். முதலாவதில் ஏறத்தாழ 218 செக்கன், இரண்டாவதில் 304 செக்கன். மாலைத் தேநீர் சுணங்குவதற்குக் காரணம் இந்த வர்க்கம்.

இழை மின்குமிழின் தங்குதன் எரியும்போது ஏறத்தாழ 2500 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அதன் தடை குளிர்நிலைத் தடையைப் போலப் பதினான்கு மடங்கு அளவில் இருக்கும். 64 ஓம், 882 ஓம் ஆகிய இரண்டுமே சரியானவை. முதலாவது உறங்கும் குமிழுக்கு, இரண்டாவது எரியும் குமிழுக்கு. ஆளியைப் போட்ட கணத்தில் 230 ஐ 64 ஆல் வகுத்து வரும் 3.6 அம்பியர் உண்மையாகவே பாய்கிறது. கண் இமைப்பதற்குள் இழை சூடேறி ஓட்டம் 0.26 அம்பியருக்கு வந்துவிடுகிறது. பழைய குமிழ்கள் பெரும்பாலும் ஆளியைப் போடும் கணத்தில் பளிச்சென்று மின்னி அறுவதும் இதனால்தான். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஒரு ரோர்ச் குமிழுக்கு முதலில் ஒரு உலர்மின்கலத்தையும் பின்னர் இரண்டையும் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து வகுக்கச் சொல்லுங்கள். ஒரே குமிழ் இரண்டு தடைகளைத் தரும். வீட்டு மின்சாரத்தைத் தொடாமலே பாடம் மனதில் பதிந்துவிடும்.

மோட்டருக்கு வருவோம். பல்மானியின் ஓம் அளவு ஒரு சிறிய நேரோட்டத்தை அனுப்பி அளக்கிறது. நேரோட்டத்துக்கு மோட்டரின் சுருள் நீளமான ஒரு செப்புக் கம்பி மட்டுமே. மோட்டரைக் கிளப்ப உதவும் தொடக்கச் சுருளோடு தொடராக உள்ள கொள்ளளவி (கப்பாசிற்றர்) நேரோட்டத்தை மறித்துவிடுவதால், நீங்கள் அளந்த 3.2 ஓம் பிரதான சுருளின் கம்பித் தடை. ஆனால் ஆடலோட்டத்தில், செக்கனுக்கு 50 முறை எழுந்து விழும் காந்தப்புலம் அதே சுருளில் எதிர் மின்னியக்க விசையைத் தூண்டுகிறது. கொடுக்கும் 230 வோல்ற்றில் பெரும்பகுதியை எதிர்த்து நிற்பது அந்த விசைதான். கம்பியின் தடைக்கு எஞ்சுவது சிறு பங்கே. ஆகவே 230 ஐ 3.2 ஆல் வகுப்பது, கம்பித் தடையின் மேல் விழாத ஓர் அழுத்தத்தை அந்தத் தடையால் வகுப்பதாகும். 44 ஓம் என்பது அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள மொத்த விகிதம். அதைத் தடங்கல் என்பார்கள், தடை என்று சொல்வது பொருந்தாது. 70 ஓம் என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஏனெனில் தகட்டிலுள்ள 0.75 கிலோவாற்று, மோட்டரின் தண்டு வெளியே தரும் பொறிமுறை வலு. கம்பியிலிருந்து மோட்டர் எடுக்கும் வலு அதைவிட அதிகம்.

3.2 ஓம் பயனற்ற எண் என்று நினைத்துவிட வேண்டாம். சுருள் எவ்வளவு சூடாகும் என்பதை அந்த எண் மட்டுமே சொல்லும். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் கிடைப்பது வெப்பமாக மாறும் வலு. 1840 களின் தொடக்கத்தில் யூல் பரிசோதனையால் நிறுவிய உறவு அது. ஓடும் மோட்டரில் 5.2 இன் வர்க்கத்தை 3.2 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 87 வாற்று. விசிறி அதை ஊதித் தள்ளிவிடும். சுற்றாமல் உறுமி நிற்கும் மோட்டரோ வழமையான ஓட்டத்தைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு இழுக்கும். 25 அம்பியர் என்று கொண்டால் 2000 வாற்று. ஒரு மின்கேத்தலின் முழு வெப்பமும் விசிறி சுற்றாத, மூடிய சுருளுக்குள் சேர்கிறது. ஆகவே உறுமும் சத்தம் கேட்டால் இரண்டு மூன்று செக்கனுக்குள் ஆளியை அணைத்துவிடுங்கள்.


அக்கரைப்பற்று மின்வேலை

சேர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் வீட்டு வயரிங்கும் மோட்டர் வேலையும் செய்பவன். சகோதரரே, குச்சியால் விசிறியைத் தள்ளும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஈரமான கிணற்றடியில் மின் பாயும் இயந்திரத்துக்குள் கை வைப்பதற்கு எந்தப் பயிரும் ஈடாகாது.

மோட்டரைக் குறை சொல்வதற்கு முன் அந்த வயரைக் கணக்கிட வேண்டும். செம்பில் ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உள்ள துண்டின் தடை ஏறத்தாழ 0.0172 ஓம். 80 மீற்றர் தூரத்துக்கு ஓட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் 160 மீற்றர். இந்த இரட்டிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 160 ஐ 0.0172 ஆல் பெருக்கி 0.75 ஆல் வகுத்தால் 3.67 ஓம் வருகிறது. மோட்டரின் சொந்தச் சுருளைவிட அதிக தடையுள்ள ஒரு கம்பியை அதற்கு முன்னால் தொடராக வைத்திருக்கிறீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது 5.2 அம்பியருக்கு இந்த வயரில் 19 வோல்ற்று விழும். அது பொறுக்கக்கூடியது போலத் தோன்றும். கிளம்பும் கணத்தில்தான் கதை மாறுகிறது. 230 வோல்ற்றில் 25 அம்பியர் இழுக்கும் மோட்டர், நின்ற நிலையில் 9.2 ஓம் போல நடந்துகொள்கிறது. அதோடு வயரின் 3.67 ஐச் சேர்த்தால் 12.9, 230 ஐ அதனால் வகுத்தால் 18 அம்பியர் அளவில் வரும். மோட்டரில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே நேரத்தில் எழுந்து விழாததால் இந்தக் கூட்டல் முற்றிலும் சரியன்று என்றாலும், நிலைமையைக் காட்டப் போதும். மோட்டரின் முனைகளில் எஞ்சுவது 165 வோல்ற்றுக்குக் கிட்ட. கிளப்பும் முறுக்கு விசை அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால் அது பாதியாகிவிடுகிறது. மாலையில் வீட்டிலேயே 212 வோல்ற்று இருந்தால் மோட்டருக்குக் கிடைப்பது 152 வோல்ற்று, முறுக்கு விசை நூற்றுக்கு 44. காலையில் நூலிழையில் கிளம்பும் மோட்டர் மாலையில் நிற்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கணக்கை நம்புங்கள், ஆனால் அளந்தும் பாருங்கள். வயரின் தடையைப் பல்மானியின் ஓம் அளவால் அளக்க முயல வேண்டாம்; இவ்வளவு சிறிய தடைகளில் ஊசியை அழுத்திப் பிடிக்கும் விதமே விடையை மாற்றிவிடும். மோட்டர் ஓடும்போது வீட்டுப் பக்கத்தில் ஓர் அழுத்தமும் கிணற்றுப் பக்கத்தில் ஓர் அழுத்தமும் எடுத்து, அவற்றின் வித்தியாசத்தை ஓட்டத்தால் வகுப்பதே சரியான முறை. உங்கள் மகள் கவனிக்க வேண்டிய இடம் இது: வயரின் தடையைக் கணிக்க 230 ஐ எடுக்கக் கூடாது, வயரின் மேல் விழும் வோல்ற்றை மட்டுமே எடுக்க வேண்டும். ஓட்டத்தை அளக்கக் கிளாம்ப் மீற்றரைப் பயன்படுத்துங்கள். அதன் வாய்க்குள் ஒரு கம்பி மட்டுமே இருக்க வேண்டும். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டு காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம் காட்டும். பல்மானியின் அம்பியர் துளையில் ஊசியைச் செருகிவிட்டு அதைச் சுவர்ப் பிளக்கில் நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். அம்பியர்மானிக்குத் தடையே இல்லை என்று சொல்லலாம். அது நேரடிக் குறுக்குச் சுற்று, கருவி கையிலேயே வெடிக்கும். மின் பாயும் முனைகளை அளக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்தே செய்யுங்கள். பிள்ளை எண்களை எழுதட்டும்.

வயரில் நடுவில் ஒட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம் கரையோரத்தில் உப்புக் காற்றுக்குச் செம்பு பச்சை பிடித்துவிடும். முறுக்கி ரேப் சுற்றிய ஓர் ஒட்டு 0.3 ஓம் ஏறியிருந்தால், 5 அம்பியருக்கு 8 வாற்று வெப்பம் நகக்கண் அளவான ஓரிடத்தில் சேரும். தொட்டால் சுடும் ஒட்டும், பழுப்பேறிய பிளக் முனையும் அந்த வெப்பத்தின் அடையாளங்கள்.

கொள்ளளவி தளர்ந்திருந்தாலும் இதே உறுமல் வரும். மோட்டரை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குட்டையான தடித்த வயரில் மாலை நேரத்தில் கிளப்பிப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் குறை வயரில்தான்.


களுதாவளைத் தோட்டம்

ஐயாவுக்கும் சகோதரருக்கும் மிக்க நன்றி. இருவர் சொன்னதையும் மகள் அச்சிட்டுக் கொப்பியில் ஒட்டிவைத்திருக்கிறாள். பல்மானியின் ஊசிகளைச் சேர்த்தால் 0.3 காட்டியது, கேத்தல் 26.2 ஓமில் வந்து நின்றது.

அயலில் மின்வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்தோம். மோட்டரைக் குசினிக்கு அருகில் வைத்துக் குட்டை வயரில் கொடுத்தவுடன், மாலை ஏழு மணிக்கும் தடுமாறாமல் கிளம்பியது. பிறகு பழையபடி கிணற்றடியில் வைத்து, காலையில் ஓட்டினோம். அவர் கிணற்றடியில், அவருடைய தோழர் வீட்டில், நடுவில் கைத்தொலைபேசி. இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும் என்பதற்காக மகள் எண்ணிச் சொன்னாள். வீட்டு அழுத்தம் நிலையாக நில்லாததால் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தோம். வீட்டில் 224, கிணற்றடியில் 202, ஓட்டம் 5.3 அம்பியர். 22 ஐ 5.3 ஆல் வகுத்தால் 4.15 ஓம்.

கணக்கில் வந்தது 3.67, அளவில் வந்தது 4.15. மீதி எங்கே என்று மகள் விடாமல் கேட்டாள். வேலியோரம் வயரைத் தடவிக்கொண்டு போனபோது, வெற்றிலைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டு இளஞ்சூடாக இருந்தது. தம்பி ரேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு பச்சையும் கறுப்புமாக இருந்தது. அந்த ஒட்டின் இரண்டு பக்கத்துக்கும் இடையில் மட்டும் 1.6 வோல்ற்று. 5.3 ஆல் வகுத்தால் 0.30 ஓம். அதைக் கழித்தால் வயருக்கு 3.85 ஓம். இன்னும் 0.18 ஓம் மிஞ்சுகிறது.


கல்லடி, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

தம்பி, அந்த மிச்சத்தைக் கேட்ட பிள்ளையை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். 0.0172 என்ற எண் 20 பாகை செல்சியசுக்கு உரியது. செம்பின் தடை பாகைக்கு 0.39 வீதம் ஏறும். உங்கள் வேலியோரத்தில் வெயில்பட்ட வயர் 35 பாகையில் இருந்ததாகக் கொண்டால், 15 பாகைக்கு 5.9 வீதம் சேர்த்து 3.88 ஓம் வருகிறது. நீங்கள் அளந்தது 3.85. ஏறக்குறைய 80 மீற்றர் என்று சொன்ன தூரத்துக்கு இதைவிட நெருக்கமான உடன்பாட்டை எந்த ஆய்வுகூடத்திலும் எதிர்பார்க்க முடியாது.


ஒலுவில், பொறியியல் மாணவி

வணக்கம் ஐயா. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறேன். தடைக்கான விடை கிடைத்துவிட்டதால் வலுவைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வலு என்பது கேத்தலுக்கு அப்படியே பொருந்தும். மோட்டரில் ஓட்டம் அழுத்தத்துக்குச் சற்றுப் பிந்தியே எழுவதால், பெருக்கி வரும் எண் உண்மையான வலுவைவிட அதிகமாக இருக்கும். உண்மையான வலுவை அந்தப் பெருக்கத்தால் வகுத்து வரும் எண்ணையே வலுக் காரணி என்கிறோம்.

இதை அளக்கத் தனிக்கருவி வேண்டியதில்லை. வீட்டு மின்மானியே போதும். இலக்கமுறை மானியின் முகப்பில், ஒரு கிலோவாற்று மணிக்கு இத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். ஒரு சிறிய சிவப்பு விளக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை மின்னும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியையும் மறக்காமல் அணைத்துவிட்டு, மோட்டரை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு மின்னல்களை எண்ணுங்கள். ஒரு நிமிடம் மட்டும் எண்ணினால் ஒன்று தவறினாலே மூன்று வீதம் பிசகும். மானியில் 1600 துடிப்பு என்றிருந்தால், எண்ணிய தொகையை 1600 ஆல் வகுத்து, ஐந்து நிமிடம் ஒரு மணியின் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால் 12 ஆல் பெருக்கினால் கிலோவாற்று வந்துவிடும். எண்ணியதைத் தெரிவித்தால் மீதியைச் சேர்ந்து கணிப்போம்.


களுதாவளைத் தோட்டம்

தங்கச்சி, எங்கள் மானியிலும் 1600 என்றே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் 149 மின்னல். பழைய வயரிலேயே எடுத்தோம். அழுத்தமும் ஓட்டமும் முன்போலவே 224, 5.3.


ஒலுவில், பொறியியல் மாணவி

அப்படியானால் 149 ஐ 1600 ஆல் வகுத்து 12 ஆல் பெருக்க 1.118 கிலோவாற்று, அதாவது 1118 வாற்று. வீட்டிலிருந்து புறப்படும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் 1187. வலுக் காரணி 0.94. உங்கள் மோட்டர் நல்ல நிலையிலேயே இருக்கிறது.

இந்த 1118 வாற்றில், வயரில் விழும் 22 வோல்ற்றை 5.3 ஆல் பெருக்கினால் வரும் 117 வாற்று வழியிலேயே வெப்பமாகிவிடுகிறது. மோட்டருக்குப் போய்ச் சேருவது 1001 வாற்று. நீங்கள் செலுத்தும் கட்டணத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் வேலியைச் சூடாக்கப் போகிறது என்று கொள்ளலாம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினாலும் அது மூன்று நாளைக்கு ஓர் அலகு அளவுதான். வயரை மாற்றுவதற்கு அதைவிடப் பெரிய காரணம், சுருள் எரியாமல் மோட்டர் கிளம்புவதே.


அக்கரைப்பற்று மின்வேலை

தங்கை சொன்னது சரி. கடையில் 7/0.67 என்று கேளுங்கள். 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் என்பது அதன் பொருள், கூட்டினால் 2.47 சதுர மில்லிமீற்றர். 160 மீற்றருக்கு 1.11 ஓம், வெயிலில் 1.18. ஓடும்போது 6 வோல்ற்று அளவில் விழும். கிளம்பும்போது, வீட்டில் 230 இருந்தால் மோட்டருக்கு 205 வோல்ற்று கிடைக்கும், முறுக்கு விசை நூற்றுக்கு 79. நடுவில் ஒட்டு வைக்காமல் ஒரே நீளமாக இழுக்க வேண்டும். திறந்த வெளியில் போகும் வயர் என்பதால் குழாய்க்குள் இட்டு, மோட்டரின் உடலுக்கு நிலக்கம்பியும் கொடுத்து, வீட்டுப் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.


களுதாவளைத் தோட்டம்

வயர் மாற்றியாகிவிட்டது. நேற்று மாலை ஆறே முக்காலுக்கு ஆளியைப் போட்டோம். உறுமல் இல்லை, அரைச் செக்கனில் சுற்றி, குழாயில் நீர் ஏறியது. மூன்று வாசிப்பின் சராசரியாக வீட்டில் 225, கிணற்றடியில் 219, ஓட்டம் 5.2 அம்பியர். 6 ஐ 5.2 ஆல் வகுத்தால் 1.15 ஓம். நிலக்கம்பியும் கொடுத்தாயிற்று, ட்ரிப் சுவிட்சும் விழுகிறது.

கழற்றிய பழைய வயரை எறியலாமா என்று கேட்டேன். மகள் கொப்பியை எடுத்து, வெற்றிலைப் பந்தலில் தொங்கவிட நினைத்த அந்த 60 வாற்றுக் குமிழின் 0.26 அம்பியரை 3.85 ஆல் பெருக்கினாள். ஒரு வோல்ற்று விழுகிறது. பச்சை பிடித்த ஒட்டை வெட்டிவிட்டு, அதற்குக் குட்டையான பக்கத்தைக் கொடுப்பதாக இருக்கிறோம்.